பழைய எஞ்சினைச் செய்து எடுப்பதா, புதிது வாங்குவதா?

கடந்த மாதம் எங்கள் தாராபுரத்துத் தம்பி ஒருவர் முச்சக்கர வண்டியில் ஓர் எஞ்சினைப் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார். 15 குதிரைவலு, மண்ணெண்ணெய் எஞ்சின். மேல்மூடியில் நிறமே இல்லை. இழுக்கும் கயிற்றுக்குப் பதிலாக வலைக்கயிற்றைக் கட்டியிருந்தார். இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

"நானா, இதைச் செய்து எடுப்பமா, இல்லாட்டி புதுசு ஒண்டு எடுப்பமா? நீங்க சொல்றதைத்தான் செய்வன்."

கடற்றொழில் சாமான்களும் எஞ்சின் உதிரிப்பாகங்களும் விற்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் "நீங்கள் சொல்வதைத்தான் செய்வேன்" என்ற வார்த்தை எனக்கு எப்போதும் பயத்தைத் தரும். செய்து எடுப்பதாக இருந்தால் பாகங்கள் என் கடையில்தான் போகும். ஆகவே என் வாயிலிருந்து வரும் ஆலோசனையில் என் இலாபமும் கலந்திருக்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் இந்தப் பக்கத்தில் மேற்கொண்டு எழுத வேண்டும்.

இது மீனவருக்கு மட்டுமான விடயமும் அல்ல. மீன் வியாபாரத்துக்கு முற்பணம் கொடுப்பவர், ஐஸ் பெட்டி வைத்திருப்பவர், தையல் மெசின் போட்டிருப்பவர், அரிசி ஆலை நடத்துபவர் ஆகிய எல்லோரும் ஏதோ ஒரு நாள் இதே கேள்வியின் முன் நிற்கிறார்கள்.

ஓர் எஞ்சின் என்பது ஒரு குடும்பத்தின் முதல்

18 அடி பைபர் படகு வைத்திருக்கும் ஒருவரின் சொத்தைக் கணக்கெடுத்தால் படகு, வலை, எஞ்சின் ஆகிய மூன்றும்தான் வரும். படகு ஓட்டையானால் பைபர் ஒட்டலாம். வலை கிழிந்தால் மர நிழலில் இருந்து பொத்தலாம். எஞ்சின் நின்றால் தொழிலே நின்றுவிடும்.

எங்கள் பகுதியில் பழைய எஞ்சின்கள் அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார் தீவிலிருந்து பெருந்தொகையானோர் படகுகளில் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாடியும் வலையும் சாமானும் இங்கேயே கிடந்தன. யுத்த காலத்தில் வடகடலில் பெரிய குதிரைவலு எஞ்சின்களுக்குக் கட்டுப்பாடும் இருந்தது. 2009இல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களில் பலர் கையிலிருந்த சிறிய தொகைக்குப் பாவித்த எஞ்சின்களைத்தான் வாங்கித் தொழிலைத் தொடங்கினார்கள். நானும் கற்பிட்டியில் கற்ற தொழிலோடு அப்படித்தான் வந்து சேர்ந்தேன்.

பிறகு 2020இல் வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 2022 மார்ச்சில் டொலரின் விலை 200 ரூபா அளவிலிருந்து ஏறத் தொடங்கி, மே மாதத்தில் 360 ரூபா அளவில் போய் நின்றது. அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. பின்னர் எண்ணெய் விலை இறங்கினாலும் புதிய எஞ்சினின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பெட்டிக்குள் போட வேண்டிய எஞ்சினையும் செய்து எடுக்கும் பழக்கம் இதனால் பரவியது. சில இடங்களில் அது புத்திசாலித்தனம். சில இடங்களில் அது நட்டத்தைத் தவணை முறையில் கட்டுவதற்குச் சமம்.

நான் சொன்ன பிழையான ஆலோசனை

2022 கடைசியில் எனக்கு நன்கு தெரிந்த ஒருவர் தன் எஞ்சினைக் கொண்டுவந்தார். புகை தள்ளியது, எண்ணெய் குடித்தது. "பிஸ்டனும் றிங்கும் மாற்றி, சிலிண்டரைப் போர் அடித்தால் போதும், புதுசு மாதிரி ஓடும்" என்று நான் சொன்னேன். அவர் மனைவியின் வளையல்களை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்தார். எஞ்சின் உண்மையிலேயே புதிது மாதிரித்தான் ஓடியது. ஆனால் ஐந்தே மாதம்.

உள்ளே உப்பு அரித்திருந்த பகுதியை நான் கவனிக்கவில்லை. புகைபோகும் வழிக்கும் குளிர்நீர் ஓடும் வழிக்கும் இடையிலுள்ள அலுமினியச் சுவர் தகடுபோல் மெலிந்திருந்தது. அது துளைத்துச் சிலிண்டருக்குள் உப்புத் தண்ணீர் போனது. நடுக்கடலில் எஞ்சின் இறுகி நின்றது. நீரோட்டம் படகை மேற்கே இழுத்துக்கொண்டு போனது. எங்கள் கடலில் மேற்கே போவது என்றால் என்ன என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்திய எல்லை அதிக தூரத்தில் இல்லை. மாலையில் வேறொரு படகு கண்டு கட்டியிழுத்து வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அவர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. நான் போட்ட பிஸ்டனிலும் றிங்கிலும் பிழை இல்லை. நான் பிழையான கேள்வியைக் கேட்டிருந்தேன். "இதைச் செய்ய எவ்வளவு முடியும்?" என்று மட்டும் பார்த்தேன். "செய்தால் எத்தனை மாதம் உழைக்கும்?" என்று பார்க்கவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கீழேயுள்ள தொகைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் எஞ்சினுக்கும் இன்றைய விலைக்கும் ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் லீற்றர் 190 ரூபா, பெற்றோல் 300 ரூபா, எண்ணெயுடன் கலக்கும் ஒயில் லீற்றர் 1,500 ரூபா. 40 லீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் கலப்பதாக வைப்போம். செய்து எடுக்க 2 இலட்சம் ரூபா, புதிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 8 இலட்சம் ரூபா.

தேய்ந்த எஞ்சின் ஒரு பயணத்துக்கு 22 லீற்றர் மண்ணெண்ணெய் குடிக்கிறது. அதற்கு 4,180 ரூபா, ஒயிலுக்கு 825 ரூபா, மொத்தம் 5,005 ரூபா.

அதையே நன்றாகச் செய்து எடுத்தால் 18 லீற்றர் போதும். 3,420 ரூபாவும் ஒயிலுக்கு 675 ரூபாவும், மொத்தம் 4,095 ரூபா.

புதிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 13 லீற்றர் போதும். ஆனால் அது பெற்றோல். 3,900 ரூபா. ஒயில் கலக்கத் தேவையில்லை. ஒயில் மாற்றும் செலவைப் பயணங்களுக்குப் பிரித்து 100 ரூபா சேர்த்தால் 4,000 ரூபா.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புதிய எஞ்சின் லீற்றர் கணக்கில் பெரிய மிச்சம் காட்டுகிறது. ரூபாக் கணக்கில், செய்து எடுத்த எஞ்சினுக்கும் அதற்கும் வித்தியாசம் 95 ரூபாதான். "புதுசு எண்ணெய் குடிக்காது" என்று விற்பனையாளர் சொல்வது உண்மை. அது எந்த எண்ணெயைக் குடிக்காது, அதன் விலை என்ன என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

வருடத்துக்கு 200 பயணம் என்றால், செய்து எடுப்பதால் எண்ணெயில் 182,000 ரூபா மிச்சம். புதிது வாங்குவதால் 201,000 ரூபா மிச்சம்.

அடுத்தது, கணக்கில் எழுதாமல் விடும் செலவு. அதாவது, எஞ்சின் பழுதாகிக் கரையில் இருக்கும் நாட்கள். தேய்ந்த எஞ்சினால் வருடத்துக்கு 30 நாள் வீணாகிறது, செய்து எடுத்ததால் 15 நாள், புதியதால் 3 நாள் என வைப்போம். ஒரு நாள் உழைப்பு 6,000 ரூபா. செய்து எடுத்தால் 90,000 ரூபா மீளும். புதிது வாங்கினால் 162,000 ரூபா மீளும்.

இரண்டையும் கூட்டினால், செய்து எடுப்பதால் வருடத்துக்கு 272,000 ரூபா பயன். போட்ட 2 இலட்சம் ஒன்பது மாதத்தில் திரும்பி வந்துவிடும். புதிது வாங்குவதால் 363,000 ரூபா பயன். போட்ட 8 இலட்சம் திரும்ப இரண்டு வருடத்துக்கு மேல் செல்லும்.

அப்படியானால் செய்து எடுப்பதுதானே இலாபம்? ஆம், அந்த எஞ்சின் ஒன்பது மாதத்துக்கு மேல் உழைத்தால்! நான் சொன்ன நண்பரின் எஞ்சின்போல் ஐந்து மாதத்தில் நின்றால், மீண்டது சுமார் 113,000 ரூபாதான். 87,000 ரூபா கடலில் போய்விட்டது. புதிது வாங்க வைத்திருந்த பணமும் குறைந்துவிட்டது. எனவே முடிவு எஞ்சினின் வயதிலும் இல்லை, மெக்கானிக்கின் கூலியிலும் இல்லை. அந்த உடம்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதில்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்ப்பது எப்படி?

கழற்றுவதற்கு முன்பே பல உண்மைகளை அறியலாம்.

முதலாவது, கொம்பிரஷன் பார்த்தல். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் மானியைப் பூட்டிக் கயிற்றை இழுக்க வேண்டும். இரண்டு சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்றுக்கொன்று 15 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு சிலிண்டர் நோயாளி. இரண்டும் ஒரே அளவில் குறைந்திருந்தால் அது சாதாரணத் தேய்வு. றிங் மாற்றித் திருத்தலாம்.

இரண்டாவது, கியர் ஒயில். கீழ்க்காலின் திருகாணியைக் கழற்றி ஒயிலைப் பாருங்கள். பால்தேநீர் நிறமாக இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. சீல் மலிவானது. ஆனால் ஒயிலில் இரும்புத் தூள் மின்னினால் பல்சக்கரங்கள் தேய்ந்துவிட்டன. அது மலிவானது அல்ல.

மூன்றாவது, குளிர்நீர். எஞ்சின் ஓடும்போது பின்னால் பீச்சும் தண்ணீர் வேகமாக வர வேண்டும். எங்கள் கடல், குறிப்பாகப் பாக்கு நீரிணைப் பக்கம், ஆழம் குறைந்தது. மணலும் சேறும் தண்ணீரோடு உறிஞ்சப்பட்டு, பம்பிலுள்ள றப்பர் இம்பெல்லரைத் தேய்த்துவிடும். ஆழ்கடலில் ஓடும் எஞ்சினைவிட இங்கே அதை அடிக்கடி மாற்ற வேண்டும். இம்பெல்லர் மாற்றிய பிறகும் தண்ணீர் மெதுவாக வந்தால், உள்வழிகள் உப்பால் அடைத்துள்ளன.

நான்காவது, உப்பு அரிப்பு. இதுதான் நான் தவறவிட்டது. புகைவழி மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஆணிகள் உடைந்து வருகின்றனவா? அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிர்கிறதா? ஆணி முனையால் அழுத்தினால் உள்ளே போகிறதா? அப்படியானால் அந்த எஞ்சினில் புதுப் பிஸ்டன் போடாதீர்கள். காலில் பூட்டியிருக்கும் சிறிய உலோகக் கட்டையையும் பாருங்கள். எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் காணவில்லை என்றால் நெடுநாளாக எஞ்சின்தான் அரிபட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

கொம்பிரஷன் குறைவு, கார்பரேட்டர் அடைப்பு, சீல், இம்பெல்லர், பிளக், கொயில் ஆகியவை காய்ச்சல் தடிமன் போன்றவை. அரித்த சுவர், தேய்ந்த கிராங்க், உடைந்த பல்சக்கரம் ஆகியவை வேறு வகை. முதல் வகை மட்டும் என்றால் செய்து எடுங்கள். இரண்டாவது வகையில் ஒன்று இருந்தால் யோசியுங்கள். இரண்டு இருந்தால் அதைப் பாகங்களுக்காக விற்றுவிடுங்கள்.

எந்தப் பாகத்தில் மிச்சம் பிடிக்கலாம்?

அசல் பாகம், போலிப் பாகம் என்ற பேச்சு எப்போதும் உண்டு. என் அனுபவத்தில் மேல்மூடிப் பூட்டு, கைப்பிடி, எண்ணெய்க் குழாய் போன்றவற்றில் மாற்றுத் தயாரிப்பு வாங்கினால் பெரிய குற்றமில்லை. பிஸ்டன், றிங், பெயாரிங், சீல், இம்பெல்லர் ஆகியவற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நானூறு ரூபா மிச்சம் பிடித்த சீல், முழு வேலையையும் கெடுத்துவிடும்.

பாகம் கிடைக்குமா என்பதும் முக்கியம். எவின்றூட் என்ற பெயர் 1909 முதல் வந்த பெயர். வெளியில் பூட்டும் எஞ்சினை உலகில் பரவச் செய்தவர்களில் அவர்களே முன்னோடிகள். அந்த எஞ்சின்களின் உற்பத்தியே 2020இல் நிறுத்தப்பட்டது. ஆகவே பெயரைப் பார்த்து மட்டும் வாங்க வேண்டாம். மன்னாரிலோ புத்தளத்திலோ அதன் இம்பெல்லர் மறுநாள் கிடைக்குமா என்று கேளுங்கள். கொழும்பிலிருந்து வரப் பத்து நாள் என்றால் அந்தப் பத்து நாளும் உங்கள் செலவுதான்.

எப்போது புதிது வாங்க வேண்டும்?

உடம்பு அரித்துவிட்டால், ஒரே வருடத்தில் இரண்டாவது தடவை பெரிய வேலைக்கு வந்தால், தூரக் கடலுக்குப் போகும் படகாக இருந்தால் புதிது வாங்குவதே நல்லது. கரைக்கு அருகில் நண்டு வலை வைப்பவருக்கு எஞ்சின் நின்றால் ஒரு நாள் நட்டம். தூரம் போகிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதைக் கணக்கில் எழுத முடியாது.

இன்னொன்று, தேவைக்கு மேல் குதிரைவலு வாங்காதீர்கள். பக்கத்து வாடிக்காரர் 25 வாங்கினார் என்பதற்காக 15 போதுமான படகுக்கு 25 பூட்டுவது, தினமும் எண்ணெய்ப் பக்கற்றைக் கடலில் ஊற்றுவதற்குச் சமம். முழு வேகத்தில் போகாமல் சற்றுக் குறைத்து ஓட்டினாலே எண்ணெய் நன்றாக மிஞ்சும். அடிப்பாசியைச் சுரண்டினாலும் அப்படித்தான். இவை இரண்டுக்கும் காசு தேவையில்லை.

பணம் எங்கிருந்து?

புதிய எஞ்சினுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள். ஒன்று, வட்டிக்கு லீசிங். அது மார்க்கத்திலும் கூடாது, தொழிலுக்கும் பொருந்தாது. சோளகக் காற்று அடிக்கும் மாதத்திலும் தவணை நிற்காது. 2022இல் எண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தபோது தவணையும் கட்ட முடியாமல், எஞ்சினையும் இழந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, மீன் வியாபாரியின் முற்பணம். வட்டி இல்லை என்று தெரிந்தாலும், "மீனை எனக்கே தர வேண்டும், நான் சொல்லும் விலைக்குத் தர வேண்டும்" என்ற நிபந்தனை வந்துவிட்டால் கிலோவுக்குக் குறையும் தொகையைக் கூட்டிப் பாருங்கள். சில வேளை அது வட்டியைவிடப் பெரிதாக இருக்கும். முற்பணம் கொடுக்கும் வியாபாரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: சந்தை விலையில் மீனை எடுத்து, கடனைத் தனியாகக் கழியுங்கள். உங்கள் மீனவர் கடனிலிருந்து எழும்பினால்தான் உங்களுக்கு அடுத்த வருடமும் மீன் வரும்.

மூன்றாவது, முறாபஹா. நிறுவனம் எஞ்சினை வாங்கி, இலாபத்தை வெளிப்படையாகச் சொல்லி, நிர்ணயித்த மொத்த விலைக்குத் தவணையில் விற்பது. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து நாட்டில் இதற்கு இடம் உண்டு. இங்கும் கண்ணை மூடிக் கையெழுத்திட வேண்டாம். மொத்தத் தொகை எவ்வளவு, பிந்தினால் என்ன நடக்கும், காற்றுக் காலத்தில் தவணையைக் குறைத்து மற்ற மாதங்களில் கூட்ட முடியுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பழையதை விற்கும்போது

புதிது வாங்குபவர் பழையதை விற்பார். அரிப்பு இருப்பது தெரிந்தும் பூச்சடித்து மறைத்து விற்பது வியாபாரம் அல்ல. வாங்குபவர் அதை நம்பித்தான் கடலுக்குப் போகிறார். குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றால் பரகத் உண்டு. வாங்குபவரும் எஞ்சின் இலக்கத்தையும் விற்பவரின் கடிதத்தையும் பெறாமல் காசு கொடுக்க வேண்டாம். களவெடுத்த எஞ்சின்கள் கை மாறுவதை எல்லோரும் அறிவோம்.

சிறிய சாமானுக்கும் இதே கணக்குத்தான்

சில மாதங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் தூண்டில் றீல் ஒன்றைக் கொண்டுவந்தார். நூல் ஓடும்போது இழுத்துப் பிடிக்கும் வளையங்கள் தேய்ந்திருந்தன. உருட்டுப் பெயாரிங் துருப்பிடித்திருந்தது. சட்டம் உறுதி, பல்சக்கரம் நல்லது. பழைய வளையங்களுக்குப் பதிலாகக் காபன் வளையங்களும் துருப்பிடிக்காத பெயாரிங்கும் போட்டால் போதும், முன்பைவிட நன்றாக இழுக்கும் என்றேன். அதே நாளில் இன்னொருவர் கொண்டுவந்த மலிவு றீலின் பல்சக்கரமே தேய்ந்திருந்தது, பாகமும் கிடைக்காது. அதைச் செய்ய நான் காசு வாங்கவில்லை. உங்கள் கடையின் குளிர்பெட்டிக்கும் தையல் மெசினுக்கும் இதே சட்டம்தான். எலும்பு நல்லதென்றால் தசையை மாற்று. எலும்பு உக்கினால் விட்டுவிடு.

எதுவானாலும் நீண்ட நாள் உழைக்க வைக்கும் மருந்து ஒன்றே. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓடவிட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சினை நிறுத்துவதற்கு முன் சற்று நேரம் பெற்றோலில் ஓட்டுங்கள், கார்பரேட்டர் சுத்தமாகும். ஒரு கொப்பியில் எண்ணெய், பாகம், வீணான நாள் மூன்றையும் எழுதுங்கள். ஒரு வருடம் எழுதினால் என்னைப்போன்ற கடைக்காரரிடம் ஆலோசனை கேட்கத் தேவையே வராது.

இனி அந்தத் தம்பியின் எஞ்சினுக்கு வருவோம். இந்தத் தடவை புகைவழி மூடியை முதலில் கழற்றினேன். ஆணிகள் முழுதாக வந்தன. சுவர் தடிப்பாக இருந்தது. கியர் ஒயில் பால்நிறம், ஆனால் தூள் இல்லை. "செய்து எடுங்க தம்பி. இன்ஷா அல்லாஹ் இரண்டு வருடம் ஓடும். அந்த இரண்டு வருடமும் மாதா மாதம் ஒரு தொகையைப் புது எஞ்சினுக்கு என்று ஒதுக்கி வையுங்க" என்றேன்.

அடுத்த வாரம் ஐந்து மாதத்தில் நின்ற எஞ்சினின் சொந்தக்காரர் கடைக்கு வந்தார். என்னிடமிருந்த பாவித்த எஞ்சின் ஒன்றை, வாங்கிய விலைக்கே அவருக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு ஓர் இம்பெல்லர் கேட்டார். பணம் வேண்டாம் என்றேன். அவர் மேசையில் வைத்துவிட்டுத்தான் போனார்.

வாடிக்கையாளரின் இந்த நம்பிக்கை தேய்ந்தால், அதை மாற்றிப் பூட்ட எந்தக் கடையிலும் பாகம் கிடையாது.